நாற்பத்து மூன்று பாராட்டும் ஒரு திட்டும்

காலை பத்து மணிக்கு ஒரு ஆள் துப்பறியும் நிலையத்துக்குள் நுழைந்து, "என்னைக் கொன்னுட்டாங்க" என்றார்.

நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எப்போ?"

"வியாழக்கிழமை. தபால்ல."

"பரவாயில்லையே, நாலு நாளாகியும் கெடாம இருக்கீங்க. உட்காருங்க."

அவர் உட்காரப் போன நாற்காலியில் அவசரமாக ஒரு செய்தித்தாளை விரித்தாள். காரணம், அவர் கை இரண்டும் மணிக்கட்டு வரை சிவப்பு. மாடிப்படிக் கைப்பிடியில் ஐந்து விரலும் பதிந்திருப்பதைக் கீழே இருந்த சலவைக்கடைக்காரர் பார்த்துவிட்டு, போலீசுக்குச் சொல்லலாமா, சோடா உப்புப் போட்டுத் துடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நிலையம் அந்தச் சலவைக்கடைக்கு மேலே இருந்தது. இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் தரை எப்போதும் கொதிக்கும். வந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் காலை ஊன்றி உட்கார முடியாது என்பதால் உண்மையைச் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள். நிலையத்தின் சொந்தக்காரி ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவள். அவளுக்குத் துணை, அவள் கணவனின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டுப் பழகியவள். "ரெண்டு வாரம் ஒத்தாசையா இருக்கேன் அண்ணி" என்று வந்தவள், ஒன்பது வருடமாக ஒத்தாசையாக இருக்கிறாள். ஒருத்தி அண்ணி என்று கூப்பிடுவாள், மற்றவள் நாத்தனாரே என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே இவர்கள் அண்ணியும் நாத்தனாரும் ஆகிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர்கூட போன் பண்ணினால், "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

"விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

வந்தவர் மடியில் இருந்த தகரப் பெட்டியைத் தடவிக் கொடுத்தார். "நான் மை காய்ச்சறேன். பவுண்டன் பேனாவுக்கு. மாணிக்கச் சிவப்பு. குடிநீர் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தேன், ரெண்டு வருஷம் முன்னாடி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒவ்வொரு பாட்டில்கூடவும் ஒரு அட்டை வைப்பேன். 'உங்கள் கருத்தை இதே மையால் எழுதி அனுப்புங்கள், பெயர் வேண்டாம், தொழில் போதும்'னு."

"எத்தனை வந்துச்சு?"

"நாப்பத்து நாலு. அதுல நாப்பத்து மூணு..." அவர் பெட்டியைத் திறந்தார். "நீங்களே பாருங்க."

அண்ணி அட்டைகளை மேஜையில் பரப்பினாள். நாத்தனார் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

*முப்பது வருடம் தீர்ப்பு எழுதினேன். இந்த மை அப்போதே கிடைத்திருந்தால் ஒருவனையும் விடுதலை செய்திருக்க மாட்டேன். அறுமை! – ஓய்வு பெற்ற நீதிபதி.*

*நடுக்கடல். புயல். கப்பல் ஆடியது, மை ஆடவில்லை. அறுமை. – மாலுமி.*

*மறுந்துச் சீட்டைப் பார்த்ததுமே என் நோயாளிகளுக்குப் பல்வலி போய்விட்டது. அறுமை, அறுமை. – பல் டாக்டர்.*

நீதிபதியின் எழுத்து விறைப்பாக நின்றது. மாலுமியின் எழுத்து காற்றடித்தாற்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பல் டாக்டருடையது சின்னச் சின்னதாக, வரிசையாக, நடுவில் ஒன்று விழுந்த மாதிரி. அண்ணி படிக்கப் படிக்க, சொத்தைப் பல்லில் ஐஸ் பட்டவள் போலக் கண்ணை மூடி மூடித் திறந்தாள். அச்சகத்திலிருந்து வந்த வியாதி என்று நாத்தனார் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"இப்போ கொன்ன அட்டையைக் காட்டுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நீட்டினார்.

*தொடக்கத்தில் வெட்கப்பட்ட தக்காளி. காய்ந்த பின் சளி பிடித்தவன் மூக்கு. காயவும் நேரமாகிறது. பாட்டிலின் வாய் சிறியது. 3½/10.*

தொழில் எழுதவில்லை. எழுத்துகளின் மேல் இடமிருந்து வலமாக ஒரு சிவப்புத் தீற்றல்.

"தக்காளி வரைக்கும் பாராட்டாத்தான் இருக்கு" என்றாள் நாத்தனார்.

"நீங்க சிரிப்பீங்க. நாலு நாளா நான் தூங்கலை. மை காய்ச்ச ஆரம்பிச்ச அன்னைக்கே ஒரு சபதம் பண்ணினேன். மனசாரப் பிடிக்கலைன்னு ஒரே ஒருத்தர் சொன்னாலும் அண்டாவைக் கவுத்துட்டு ஆபீசுக்கே திரும்பிடுறதுன்னு. என் எடம் இன்னும் காலியாத்தான் இருக்காம். இதை எழுதினது என் எதிரின்னா கணக்குல சேராது. நெசமா வாங்கினவங்கன்னா, இன்னைக்கு ஆறு மணிக்கு அண்டா கவுந்துடும்."

"உங்களுக்கு எதிரிங்க யாரு?"

"அதைத்தாங்க நீங்க கண்டுபிடிக்கணும்."

தரை சுட்டது. அவர் காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நாத்தனாருக்கு ஒரு தீராத ஆசை உண்டு. இந்த ஒன்பது வருடத்தில் ஒரு வழக்கையாவது அண்ணிக்கு முன்னால் அவள் கண்டுபிடிக்க வேண்டும். அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். "அண்ணி, எழுத எழுத ஈரத்தின் மேலேயே கை போயிருக்கு. அப்போ எழுதினது இடது கை. அப்புறம், பத்துக்கு மூணரை. அந்த அரை மார்க்கைப் பாருங்க. சாதாரண மனுஷன் மூணு குடுப்பான், இல்ல நாலு குடுப்பான். அரை மார்க்குக்கு மெனக்கெடுற ஜாதி உலகத்துலயே ஒண்ணுதான். வாத்தியாருங்க."

"சபாஷ்" என்றாள் அண்ணி. "செருப்பை மாட்டு."

மாணிக்கச் சிவப்பு ஊரில் ஒரே ஒரு ஸ்டேஷனரி கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் மைக்காரரோடு ஒன்றாவதிலிருந்து படித்தவர். இவர்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப் போய், பின்னறைக்குக் கூட்டிப் போனார். அங்கே போர்வை போர்த்திய ஒரு பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்தாள். அது கலகலவென்று கண்ணாடிச் சத்தம் போட்டது. போர்வை நுனியைத் தூக்கிப் பார்த்தாள். அட்டைப்பெட்டிகள். மாணிக்கச் சிவப்பு. மேஜையும் அட்டைப்பெட்டிதான். அறையை இரண்டாகப் பிரித்திருந்த சுவரும் சுவரில்லை, அட்டைப்பெட்டிதான்.

"எங்க வீட்டுக் கட்டிலும் இதான்" என்றார் கடைக்காரர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ரெண்டு வருஷத்துல எத்தனை வித்துச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"ஏழு."

"ஏழு பெட்டியா?"

"ஏழு பாட்டில்."

நாத்தனார் போர்வையை மெல்ல இழுத்து மூடினாள். பிறகு கடைக்காரரே பொலபொலவென்று கொட்டினார். "முதல் மாசம் வந்து, 'எல்லாம் போயிடுச்சா?'ன்னு கேட்டான். அவன் மூஞ்சியைப் பார்த்தேன். போயிடுச்சுடான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மறுநாள் ரெண்டு பெட்டி கொண்டாந்துட்டான். அன்னையிலேர்ந்து போயிடுச்சு, போயிடுச்சுன்னே சொல்லிட்டிருக்கேன்."

"கணக்குக் கேக்க மாட்டாரா?"

"கணக்கா? வாங்கினவங்க என்ன சொன்னாங்கன்னுதான் கேப்பான்."

நாத்தனார் விரலை மடக்கினாள். ஏழு பாட்டிலுக்கு ஏழு அட்டை. வந்ததோ நாற்பத்து நாலு. அவள் எழுந்து நின்று, சினிமாவில் போல விரலை நீட்டினாள். "பாராட்டையெல்லாம் எழுதினது நீங்கதானே?"

கடைக்காரர் பதறிப்போனார். "ஐயோ, நான் பொய் சொல்லுவேங்க, சத்தியமா எழுத மாட்டேன். பில் போடவே கை வலிக்குது எனக்கு."

"அந்த ஏழு பாட்டிலை யாரெல்லாம் வாங்கினாங்க?" என்றாள் அண்ணி.

"யாரெல்லாம் இல்லீங்க, ஒரே ஆள்தான். மஞ்சள் கேட் பள்ளிக்கூடத்துல வரலாறு டீச்சர்."

தெருவில் இறங்கியதும் நாத்தனார் தலையில் கை வைத்தாள். "அண்ணி, இந்த மையை உலகத்துலயே ஒரே ஒரு ஆள் வாங்கியிருக்கு. அதுவும் திட்டியிருக்கு."

ஆசிரியர் அறையில் அந்த டீச்சர் விடைத்தாள் மலைக்குப் பின்னால் இருந்தார். கொண்டை மட்டும்தான் தெரிந்தது. பேனா இடது கையில். உள்ளங்கையின் ஓரம் முழுக்கச் சிவப்பு. அட்டையைக் காட்டியதும், "ஆமா, நான்தான்" என்றார், ஒளிவு மறைவே இல்லாமல். "சிவப்பு மை எனக்குத்தான் அதிகம் செலவாகும். பிள்ளைங்க சரித்திரத்தையே மாத்தி எழுதுதுங்க. நான் திருப்பி மாத்த வேண்டியிருக்கு."

"இவ்வளவு மட்டமான மையை ஏன் டீச்சர் ஏழு தடவை வாங்கினீங்க?" என்றாள் நாத்தனார்.

டீச்சர் இழுப்பறையிலிருந்து ஒரு மார்க் நோட்டை எடுத்தார். அதில் மாணவிகள் பெயருக்கெல்லாம் கடைசியில் 'மை' என்று ஒரு வரி. "முதல் பாட்டில் அரை மார்க். பேனா வாந்தியே எடுத்துச்சு. ரெண்டாவது ஒண்ணு. மூணாவது ஒண்ணரை. தூக்கிப் போட்டிருப்பேன், ஆனா ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட ஒரு துளி தேவலையா இருந்துச்சு. எவரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து நெசமாவே முயற்சி பண்றாருன்னு தெரிஞ்சுச்சு. அடுத்ததுல என்ன ஆகுதுன்னு பார்க்காம விட மனசு வரலை. தொடர்கதை மாதிரி."

"அப்போ முதல் ஆறு அட்டையையும் ஏன் அனுப்பலை?"

"பெயிலான பேப்பரைத் தபால்ல அனுப்பினா மனசு ஒடிஞ்சு போயிடும்மா. ஏழாவது பாட்டில்ல பாஸ். அதான் அனுப்பினேன்."

"பாஸா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"எங்க பள்ளிக்கூடத்துல நூத்துக்கு முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். அப்போ பத்துக்கு மூணரை?" டீச்சர், வகுப்பில் கேள்வி கேட்டுக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

"பாஸ்" என்றாள் நாத்தனார், கையைக் கட்டிக்கொண்டு.

மணி நாலரை. மைக்காரர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாத்தனார் கெஞ்சினாள். "எதிரி ஒருத்தன் எழுதிட்டான்னு சொல்லிடலாம் அண்ணி. ஒரே ஒரு பொய். ஏற்கனவே நாப்பத்து மூணு இருக்கு, நாப்பத்து நாலா ஆயிட்டுப் போகட்டும்."

"பிழையைப் பார்த்துட்டுத் திருத்தாம விட்டா எனக்குச் சோறு இறங்காது. பாராட்டெல்லாம் ஒரே கைதான்னு காலையிலேயே தெரியும். அது எந்தக் கைன்னுதான் தெரியலை."

"காலையிலேயேவா? எப்படி?"

"நீதிபதி, மாலுமி, பல் டாக்டர், எல்லாரும் 'அருமை'க்கு வல்லின 'ற' போட்டிருக்காங்க. ஒருத்தர் போட்டா எழுத்துப்பிழை. நாப்பத்து மூணு பேரும் போட்டா அது ஒரே ஆள்."

நாத்தனார் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "நானும்தானே படிச்சேன்! அந்த மனுஷன் ரெண்டு வருஷமா தினமும் படிக்கறாரு!"

"பாராட்டுல எவன்மா எழுத்துப்பிழை பார்ப்பான்?"

கதவைத் திறந்தது மைக்காரரின் மாமியார். மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை, மூக்குக் கண்ணாடி, எவரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் தோரணை. "மை காய்ச்சற மகராசனைத் தேடியா? கொல்லையில கொட்டகை இருக்கு, போங்க. எதையும் தொட்டுடாதீங்க. சோத்தைத் தவிர இந்த வீட்டுல எல்லாம் சிவப்பு. என் பொண்ணு ஆஸ்பத்திரியில நாள் பூரா ஊசி போட்டுட்டு வர்றா, இவரு ரத்தத்தைக் காய்ச்சறாரு."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அண்ணி நேரே சமையலறைக்கு நடந்தாள்.

அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் அழகான கையெழுத்து. *பறுப்பு. சக்கறை. மறுந்து.* நாத்தனார் பருப்பு டப்பாவைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை அவளே முந்திக்கொண்டாள். "கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி! அவரோட சம்சாரம்! புருஷன் மனசு நோகக் கூடாதுன்னு..."

"இது யாரு எழுதினதும்மா?" என்று அண்ணி மாமியாரைக் கேட்டாள்.

"நான்தான். என் பொண்ணுக்கு ஏது நேரம்?"

நாத்தனார் பருப்பு டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்தாள்.

அண்ணி பையிலிருந்து நீதிபதியின் அட்டையை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். மாமியார் அட்டையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"சத்தம் போடாதீங்க" என்றார் அடிக்குரலில். "ஆபீஸ் போயிட்டிருந்த காலத்துல சாயங்காலம் வந்து உட்கார்ந்தாருன்னா மூணு மணி நேரம் பைல் கதை. எந்தத் தெருவுல எந்தக் குழாய் ஒழுகுச்சு, எவன் கையெழுத்துப் போடலை. என் காதுல ரத்தம் வராத குறை. மை காய்ச்ச ஆரம்பிச்சதும் மனுஷன் வாயே திறக்கறதில்லை, கிளறிக்கிட்டே இருக்காரு. இந்த வீட்டுக்கு அதான் நிம்மதி. அதைக் காப்பாத்தத்தான் எழுதினேன், வேற ஒண்ணுமில்ல."

பிழை திருத்துகிறவர்களுக்கு அடுத்த வரிக்குக் காத்திருக்கத் தெரியும்.

மாமியார் முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "முதல் மூணு வாரம் ஒரு அட்டைகூட வரலை. தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பாரு. தபால்காரர் கையை விரிச்சதும், எனக்குக் கேக்கணும்னே சத்தமா, 'நாளைக்கு வரும்'பாரு. எத்தனை நாள் பார்த்துட்டிருக்க முடியும்? கொட்டகையிலேர்ந்து ஒரு அட்டையை எடுத்தேன், நீதிபதி ஆயிட்டேன்."

அப்போது கொல்லையிலிருந்து, "யாரு வந்திருக்கறது? அண்ணியா?" என்று மைக்காரரின் குரல் கேட்டது.

கொட்டகையில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மைக்காரர் துடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஆள் கிடைச்சுதா? எதிரியா?"

"இல்லீங்க" என்றாள் அண்ணி. "எதிரி இல்ல. உங்க மையை நெசமாவே வாங்கி எழுதினவங்க. ஆனா..."

அந்த 'ஆனா' அவர் காதில் ஏறவே இல்லை. துடுப்பைக் கீழே போட்டார். "சொன்னா சொன்னதுதான்" என்று முனகிக்கொண்டே இரண்டு துணியைச் சுற்றி அண்டாவின் காதுகளைப் பிடித்தார். நாத்தனார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கிழிந்த சட்டை கையோடு வந்தது, ஆள் வரவில்லை. அண்டா சாய்ந்தது. விளிம்பில் சிவப்பு தளும்பியது.

"வையுங்க கீழே!"

மாமியார் அண்டாவுக்கும் சாக்கடைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். "அதை ஊத்தினீங்கன்னா என் மேலதான் ஊத்தணும்."

"தள்ளுங்க அத்தை. உங்களுக்குத்தான் இந்த மையே ஆகாதே. நாப்பத்து மூணு பேரு பாராட்டி என்ன? மனசாரப் பிடிக்காதவங்க ஒருத்தர் இருக்காங்களே."

"எந்த நாப்பத்து மூணு பேரு? அந்த நீதிபதி நான்தான்!"

மைக்காரர் அண்டாவை விடவில்லை. ஆனால் சாய்ப்பதை நிறுத்தினார். "என்ன சொல்றீங்க?"

"நான்தான் நீதிபதி."

"அப்போ... மாலுமி?"

"நான்தான்."

"நீங்க கடலையே பார்த்ததில்லையே!"

"அதான் ஒரே ஒரு வரியோட நிறுத்திட்டேன்."

"பல் டாக்டர்?"

"நான்தான்."

"சர்க்கஸ்ல கத்தி வீசறவரு?" அவருக்கு மிகவும் பிடித்தது அந்த அட்டைதான்.

"நான்தான் மாப்பிள்ளை. அவனை எழுதத்தான் ரெண்டு நாள் ஆச்சு."

அண்டா மெல்ல அடுப்புக்குத் திரும்பியது. மைக்காரர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். இரண்டு வருடமும் ஒரே மூச்சில் அவரைவிட்டுப் போனது போலிருந்தது. நாத்தனாருக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஜோக்கு எதையும் வெளியே விடவில்லை.

"அப்போ ஒருத்தருமே இல்லையா?" என்றார் அவர்.

"ஒருத்தர் இருக்காங்க" என்று அண்ணி அவர் எதிரே குந்தினாள். டீச்சரையும், மார்க் நோட்டையும், அரை மார்க்கில் தொடங்கிய ஏழு பாட்டிலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைக்காரர் வீட்டுக் கட்டிலையும் மறைக்கவில்லை. "பொறுக்காம நாலு நாள் செத்துட்டீங்க. அது திட்டு இல்ல. பத்துக்கு மூணரைன்னா பாஸ். ஆறு தடவை பெயிலாக்கிட்டு, ஏழாவது தடவை பாஸ் போட்டு அனுப்பியிருக்காங்க."

"ஆறு தடவை பெயிலான பிறகும் வாங்கினாங்களா?"

"எவரோ நெசமா முயற்சி பண்றாருன்னு தெரிஞ்சுச்சாம். விட மனசு வரலையாம்."

மைக்காரர் சிவந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மூணாவதுல கோந்தைக் குறைச்சேன். அஞ்சாவதுல தண்ணியை மாத்தினேன்" என்றார் மெதுவாக. "அதைக் கண்டுபிடிச்சுட்டாங்களே." தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் சிவப்பாயிற்று.

மாமியார் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை கோபிக்கப் போகிறார், ஆபீசுக்குப் போகப் போகிறார், பைல் கதை ஆரம்பிக்கப் போகிறது என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது.

மைக்காரர் நிமிர்ந்தார். "அத்தை, நீதிபதி சொன்னதை விடுங்க. மாலுமி சொன்னதை விடுங்க. ரெண்டு வருஷமா எனக்காக இந்த மையில எழுதியிருக்கீங்க. நீங்க சொல்லுங்க, உங்க வாயால, நெசமா. இந்த மை உங்களுக்கு எப்படி இருக்கு?"

அடுப்பு படபடத்தது. மாமியார் அண்டாவை எட்டிப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார்.

"எனக்கு நீலம்தான் பிடிக்கும், மாப்பிள்ளை."

நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு அண்டாவைப் பார்த்தாள். இனி அவர் அதைக் கவிழ்த்தால் பிடிக்க இன்னொரு சட்டை இல்லை.

மைக்காரர் வாளியிலிருந்து எழுந்தார். கீழே கிடந்த துடுப்பை எடுத்துக் கழுவினார், துணியால் துடைத்தார்.

"எந்த மாதிரி நீலம், அத்தை?"